கடலுக்குப் போகும் சின்னக் கம்ப்யூட்டர்: வாசகர் கேள்வி – பதில்

(பதில் எழுதுபவர் தூத்துக்குடியில் படகுகளுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் பொருத்தித் தருபவர். இந்த இதழில் கடல் வரைபடம் காட்டும் ஓப்பன்சிபிஎன் மென்பொருள் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில்.)

நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறிய பாய்மரப் படகு வாங்கியிருக்கிறோம். அதில் ஓப்பன்சிபிஎன் ஓட வேண்டும். ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டுக்குப் பதிலாக ஆரஞ்சு பை 5 வாங்கலாம் என்று ஒருவர் சொல்கிறார், அது பல மடங்கு வேகமாம். வாங்கலாமா சார்?
– சென்னை வாசகர்

வாங்கலாம். ஆனால் வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஓப்பன்சிபிஎன்னுக்கு வேகம் அவ்வளவு தேவைப்படாது. டேவ் ரெஜிஸ்டர் தொடங்கி, பல நாட்டுப் படகோட்டிகள் கை கொடுத்து வளர்த்த இலவச மென்பொருள் அது. ஜிபிஎஸ், ஏஐஎஸ் (கப்பல்கள் தங்கள் இடத்தை ரேடியோவில் அறிவிக்கும் முறை) தகவல்களை வாங்கிக் கடல் வரைபடத்தின் மேல் காட்டும். அந்த வேலைக்கு ராஸ்பெரி பை 4 அளவு சக்தியே தாராளம்.

2021 முதல் 2023 வரை ராஸ்பெரி பை கிடைக்காமல் உலகமே தவித்தது. அப்போதுதான் பலரும் ஆரஞ்சு பை, ராக், ஓட்ராய்டு என்று வேறு போர்டுகளைத் தேடிப் போனார்கள். எல்லாவற்றிலும் டெபியன் லினக்ஸ் இயங்குதளம் ஏறும், டெபியன் ஏறினால் ஓப்பன்சிபிஎன்னும் ஏறும். சிக்கல் அதற்கு அப்புறம்தான் வரும். வரைபடத்தை இழுத்தால் திரை நொண்டும், பெரிதாக்கினால் இரண்டு நொடி உறையும். போர்டு வேகமானதுதான், ஆனால் அதன் கிராஃபிக்ஸ் சிப்புக்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) இல்லாததால் படம் வரைகிற வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழுந்திருக்கும். கிராஃபிக்ஸ் ரெண்டரர் பெயரைக் காட்டுகிற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று வந்தால் அதுதான் நோய். போர்டு சூடாகும், பேட்டரியும் வீணாகும்.

நீங்கள் கேட்ட ஆரஞ்சு பை 5-இல் இருப்பது ஆர்கே3588எஸ் சிப். போர்டு 2022 கடைசியில் விற்பனைக்கு வந்தது. அதன் மாலி ஜி610 கிராஃபிக்ஸுக்கான பான்தர் டிரைவர் லினக்ஸின் பொதுக் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சேர்ந்தது 2024-இல், 6.10 பதிப்பில். எச்டிஎம்ஐ திரை வேலை செய்யத் தேவையான பகுதி அதற்கும் பின்னால் 6.13-இல், 2025 ஜனவரியில்தான் வந்தது. டெபியன் 13-உடன் வருவது 6.12 கெர்னல். அதாவது கிராஃபிக்ஸ் டிரைவர் உண்டு, திரைக்குப் படம் அனுப்பும் பகுதி கிடையாது. அதனால் இந்த போர்டை வாங்கினால் தயாரிப்பாளர் தருகிற தனிக் கெர்னலையோ, ஆர்ம்பியன் (இத்தகைய போர்டுகளுக்கான லினக்ஸ்) தருகிற புதிய கெர்னலையோ நம்பித்தான் இருக்க வேண்டும். வீட்டில் வைத்து நோண்டிப் பார்க்க அது அருமையான போர்டு. நடுக்கடலில் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுத்துப்போனால் யாரிடம் கேட்பீர்கள்?

என் யோசனை, சில வருடம் பழகிய சிப்பாகப் பாருங்கள். ஓட்ராய்டு என்2 பிளஸ் கிடைத்தால் முதல் இடம் அதற்கு. தென்கொரிய ஹார்ட்கெர்னல் நிறுவனத்தின் போர்டு. அதன் மாலி ஜி52 கிராஃபிக்ஸுக்குப் பான்ஃப்ராஸ்ட் டிரைவர் பொதுக் கெர்னலிலேயே இருக்கிறது. மெமரி கார்டுக்குப் பதில் இஎம்எம்சி சேமிப்புச் சிப் மாட்டலாம். நேரம் காக்கும் கடிகாரம் போர்டிலேயே உண்டு. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, 7.5 முதல் 18 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். வைஃபை கிடையாது, யூஎஸ்பியில் ஒன்று செருகிக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் ஆர்கே3566 சிப் உள்ள ஆரஞ்சு பை 3பி போன்றவை. வேகம் குறைவு, வரைபடத்துக்குப் போதும்.

சிஸ்டம் ஏற்றும்போது டெபியனை அடிப்படையாகக் கொண்ட 64 பிட் ஆர்ம்பியனை எடுங்கள். டெஸ்க்டாப்புக்கு இலகுவான எக்ஸ்எஃப்சிஇ போதும். டெபியன் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓப்பன்சிபிஎன்னின் பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) ஒவ்வொரு லினக்ஸ் வகைக்கும் தனித்தனியாகத் தயாராகின்றன. பெயர் தெரியாத ஏதோ ஒரு லினக்ஸைப் போட்டால் பிளகின் பட்டியலைத் திறக்கும்போது ஒன்றுமே இருக்காது. அந்த நிலை வந்தால் ஃபிளாட்பேக் (எந்த லினக்ஸிலும் ஏறும் பொதி முறை) வழியாக ஓப்பன்சிபிஎன்னை நிறுவுங்கள், அதற்கென்று தனிப் பிளகின்கள் உண்டு.

விசைப்படகில் எஞ்சின் ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் போர்டு அணைந்து மறுபடி எழுகிறது. இரண்டு மெமரி கார்டு போய்விட்டது. போர்டை மாற்றினால் சரியாகுமா?
– தூத்துக்குடி வாசகர்

போர்டு மேல் குற்றம் இல்லை அண்ணாச்சி. மாற்றினால் புது போர்டும் இதையேதான் செய்யும்.

ஒரு மல்டிமீட்டரை பேட்டரி முனையில் பிடித்துக்கொண்டு, வேறொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் இழுக்கிற நொடியில் 9-க்குக் கீழேகூடச் சரியும். எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்ற ஆரம்பித்தால் 14-ஐத் தாண்டும். இவ்வளவு ஏற்ற இறக்கத்தில் கார் சார்ஜர் வகைக் கன்வெர்ட்டர் நிற்காது. 9 முதல் 36 வோல்ட் வரை உள்ளே வாங்கி, நிலையாக 5 வோல்ட் தருகிற டிசி–டிசி கன்வெர்ட்டர் வாங்குங்கள். 5 ஆம்பியர் தாங்க வேண்டும், உள்ளும் வெளியும் மின்சார ரீதியாகப் பிரிக்கப்பட்டதாக இருந்தால் நல்லது. உங்கள் படகு 24 வோல்ட் என்றாலும் இதே கன்வெர்ட்டர் போதும். ஆனால் மேலே சொன்ன ஓட்ராய்டை 24 வோல்ட்டில் நேராக மாட்டிவிடாதீர்கள், 18-தான் அதன் எல்லை. 9-க்குக் கீழே சரிகிற நொடிக்கு இந்தக் கன்வெர்ட்டரும் போதாது, அதனால் முடிந்தால் ஸ்டார்ட்டருக்கு ஒரு பேட்டரி, கருவிகளுக்கு ஒரு பேட்டரி என்று பிரித்துவிடுங்கள். மின்னழுத்தச் சரிவுக்கு முழுத் தீர்வு அதுதான்.

அடுத்து ஒயர். படகுகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது. கன்வெர்ட்டரை பேட்டரி பக்கத்தில் வைத்து, அங்கிருந்து வீல்ஹவுஸ் வரை மெல்லிய ஒயரில் 5 வோல்ட்டை இழுத்திருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு 0.035 ஓம் அளவு தடை. மூன்று மீட்டர் தூரம் என்றால் போக வர ஆறு மீட்டர், மொத்தம் 0.21 ஓம். போர்டும் யூஎஸ்பி கருவிகளும் சேர்ந்து 3 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.63 வோல்ட் போய்விடும். போர்டுக்குக் கிடைப்பது 4.37. ராஸ்பெரி பை என்றால் 4.63-க்குக் கீழே போனதும் திரையில் மின்னல் குறி போட்டு எச்சரிக்கும். மற்ற போர்டுகளில் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் வராது. காரணம் தெரியாமல் தொங்கும், கார்டு கெடும். ஆகவே 12 வோல்ட்டையே வீல்ஹவுஸ் வரை கொண்டுபோங்கள், கன்வெர்ட்டரை போர்டுக்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். ஃபியூஸ் மட்டும் பேட்டரி பக்கம் இருக்க வேண்டும். ஒயர் உரசித் தீப்பிடித்தால் கடலில் தப்பிக்க இடம் இல்லை, ஃபியூஸ் விஷயத்தில் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

கன்வெர்ட்டர் மாட்டியதும் ஒரு சோதனை செய்யுங்கள். வயர்லெஸ்ஸில் ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகு) இரைச்சல் கேட்கிற எல்லை வரை குறைத்து வைத்துக்கொண்டு, கன்வெர்ட்டரை ஆன் – ஆஃப் செய்யுங்கள். ஆன் செய்ததும் இரைச்சல் கூடினால் அந்தக் கன்வெர்ட்டர் உங்கள் விஎச்எஃப் வயர்லெஸ்ஸைக் கெடுக்கிறது, ஏஐஎஸ்ஸையும் கெடுக்கும். ஒயரில் ஃபெரைட் வளையம் போட்டுப் பாருங்கள், ஆன்டெனா ஒயரை விட்டுத் தள்ளி வையுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் அதைக் கழற்றிவிட்டு வேறு வாங்குங்கள். ஆபத்தில் நம்மைக் காப்பாற்றப் போவது வயர்லெஸ். வரைபடத்துக்காக அதைப் பலி கொடுக்கக் கூடாது.

ராஸ்பெரி பையின் 40 பின்னில் உட்காரும் ஏஐஎஸ் ரிசீவர் என்னிடம் இருக்கிறது. ராக் 5பி போர்டில் பொருத்தினேன். பின் வரிசை ஒன்றுதான், விளக்கும் எரிகிறது. ஆனால் ஓப்பன்சிபிஎன்னில் ஒரு கப்பல்கூடத் தெரியவில்லை. சிங்கப்பூர் கடலில் கப்பல் இல்லாமலா இருக்கும்?
– சிங்கப்பூர் வாசகர்

உங்கள் ரிசீவர் நன்றாகத்தான் இருக்கிறது, அது பேசுவதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. 40 பின் ஒரே மாதிரி இருக்கிறது என்பதால் எல்லாம் ஒன்று என்று ஆகிவிடாது. மின்சாரப் பின்கள் அதே இடத்தில் இருப்பதால் விளக்கு எரியும். தகவல் போகிற 8, 10-ஆம் பின்களில்தான் வித்தியாசம். ராஸ்பெரி பையில் அவை சாதாரண சீரியல் போர்ட். உங்கள் ராக் போர்டில் அந்த இரண்டும் பிழைதிருத்தும் கன்சோல். போர்டு எழும்போது கெர்னல் தன் செய்திகளை அதில்தான் கொட்டும், அதுவும் நொடிக்கு 15 லட்சம் பிட் வேகத்தில். ரிசீவர் பேசுவதோ 38,400-இல். அந்த போர்ட்டைக் கன்சோல்காரன் பிடித்து வைத்திருக்கிறான், ஓப்பன்சிபிஎன்னால் திறக்க முடியவில்லை. திறந்தாலும் குப்பை எழுத்துதான் வரும்.

கன்சோலை முடக்கலாம், அல்லது ஓவர்லே கோப்பு (பின்களின் வேலையை மாற்றும் அமைப்புக் கோப்பு) போட்டு வேறு பின்களில் சீரியல் போர்ட்டைத் திறந்து ரிசீவரிலிருந்து ஒயர் இழுக்கலாம். இரண்டும் நடக்கும். ஆனால் கெர்னல் மாறும்போது மறுபடி கை வைக்க நேரிடும். நான் என்றால் ஒரு யூஎஸ்பி–சீரியல் மாற்றி வாங்கி, ரிசீவரின் அனுப்பும் பின்னையும் கிரவுண்டையும் அதில் கொடுத்துவிடுவேன். 3.3 வோல்ட் வகையாகப் பார்த்து வாங்குங்கள். நாளைக்கே போர்டைத் தூக்கிப்போட்டு லேப்டாப்பில் செருகினாலும் வேலை செய்யும். ராஸ்பெரி பை அல்லாத போர்டு வாங்குகிற எல்லோருக்கும் சொல்கிறேன், கடல் கருவிகளை யூஎஸ்பி வழியாகவே இணையுங்கள்.

யூஎஸ்பியில் ஒரு தொல்லை உண்டு. ஜிபிஎஸ்ஸும் ஏஐஎஸ்ஸும் ஒரே மாதிரி மாற்றியில் வந்தால், ஒவ்வொரு முறை எழும்போதும் போர்ட் எண்ணில் எது பூஜ்யம், எது ஒன்று என்று இடம் மாறும். யூடெவ் விதி (செருகும் கருவிகளுக்குப் பெயர் வைக்கும் லினக்ஸ் ஏற்பாடு) எழுதி ஒவ்வொன்றுக்கும் நிரந்தரப் பெயர் வைத்துவிடுங்கள். இன்னொன்று, யூஎஸ்பி 3 சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஜிபிஎஸ் ஆன்டெனாவை வைக்காதீர்கள். அதன் இரைச்சலில் சிக்னல் கெடும்.

நாங்கள் பாக் நீரிணையில் தொழில் செய்கிறோம். எல்லைக்கோட்டை நெருங்கினால் சத்தம் போடும்படி இதில் வைக்க முடியுமா? ராத்திரியில் வலை போட்டிருக்கும்போது நீரோட்டம் எங்கே இழுக்கிறது என்றே தெரிவதில்லை.
– இராமேஸ்வரம் வாசகர்

முடியும். இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பகுதியை எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஓப்பன்சிபிஎன்னில் ஓடிரா, வாட்ச்டாக் என்று இரண்டு பிளகின்கள் உண்டு. முதலாவதில் எல்லைக்கோடு வரையலாம். இரண்டாவது, படகு அந்தக் கோட்டை நெருங்கும்போது எச்சரிக்கும். இவ்வளவு தூரத்தில், இத்தனை நிமிடத்தில் என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

கோட்டை எங்கே வரைவது என்பதில்தான் கவனம் வேண்டும். பாக் நீரிணைக்கான கோடு 1974 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் ஆறு புள்ளிகளாகக் கொடுக்கப்பட்டது, மன்னார் வளைகுடாவுக்கானது 1976-இல். இன்றைய ஜிபிஎஸ் பின்பற்றும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற அளவீட்டு முறை அப்போது பிறக்கவே இல்லை. அதனால் அந்த எண்களை அப்படியே தட்டினால் வருகிற கோட்டை மயிரிழை சுத்தமானது என்று நம்பி ஓரத்தில் நிற்க வேண்டாம். நம் பக்கமாக இரண்டு கடல் மைல் தள்ளி இன்னொரு கோடு போட்டு, எச்சரிக்கையை அதன் மேல் வையுங்கள். ஏழு நாட் வேகத்தில் போகிற படகுக்கு அது பதினேழு நிமிட அவகாசம். வலை போட்டு நிற்கிறபோது இழுத்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத்தான் தெரியும், அதற்கேற்றாற்போல் கூட்டிக்கொள்ளுங்கள்.

சத்தம் இன்னொரு பிரச்சினை. பல போர்டுகளில் ஒலி எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குத்தான் போகும். டீசல் எஞ்சின் இரைச்சலில் அந்தச் சின்ன ஸ்பீக்கர் யார் காதில் விழும்? வாட்ச்டாக்கில், எச்சரிக்கை வரும்போது ஒரு கட்டளையை ஓடச் செய்யலாம். அதைக் கொண்டு ஒரு யூஎஸ்பி ரிலேயைத் தட்டி, 12 வோல்ட் ஹாரன் ஒன்றை அலற விடுங்கள். பின்பக்கம் வலை இழுக்கிறவர்களுக்கும் கேட்க வேண்டும். கரையில் நிற்கும்போதே, வரைந்த கோட்டைத் தற்காலிகமாகப் படகுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஹாரன் அடிக்கிறதா என்று சோதித்துவிட்டுப் போங்கள்.

இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரை (செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி) படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30-ஆம் தேதி நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. ஒரு லட்சம் படகுகளுக்கு என்று அறிவித்தார்கள். அது உங்கள் படகில் இருந்தால் அதைக் கழற்றவோ, அதன் ஒயரில் கை வைக்கவோ கூடாது. அவசரச் செய்தியைக் கரைக்கு அனுப்பக்கூடியது அதுதான். நான் சொன்ன ஏற்பாடு அதற்குத் துணை, மாற்று கிடையாது. ஏற்கெனவே இருக்கிற ஜிபிஎஸ் கருவியும் அப்படியே இருக்கட்டும். பிள்ளைகுட்டிக்காரர்கள் போகிற படகு, இரண்டு கண்ணுக்கு மூன்று கண் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

கல்லூரி புராஜெக்டில் மிஞ்சிய பீகிள்போன் பிளாக் போர்டு இருக்கிறது. அதில் ஓப்பன்சிபிஎன் ஓடுமா?
– காரைக்கால் வாசகர்

512 எம்பி நினைவகத்தில் வரைபடம் காட்டச் சொல்வது கொடுமை. ஆனால் தூக்கிப் போடாதீர்கள். அதன் சிப்பிலேயே கேன் (வண்டிகளில் கருவிகள் தங்களுக்குள் பேசும் ஒயர் முறை) கன்ட்ரோலர் இருக்கிறது. படகுக் கருவிகள் பேசும் என்எம்இஏ 2000 என்பது நொடிக்கு 250 கிலோபிட்டில் ஓடுகிற கேன் லைன்தான். ஒரு 3.3 வோல்ட் டிரான்ஸ்சீவர் சேர்த்தால் ஆழமானி, காற்றுமானி, எஞ்சின் தகவல் எல்லாம் அதற்குள் வரும். கேன்போட் என்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் கொடுக்கும். அங்கிருந்து நெட்வொர்க் வழியாக வேறொரு போர்டுக்கு அனுப்பிக் காட்டலாம்.

கடலில் போய்வந்த பாதையைச் சேமித்தால் பழைய தேதி விழுகிறது. கரைக்கு வந்து வைஃபை கிடைத்ததும் சரியாகிவிடுகிறது. ஏன்?
– நாகப்பட்டினம் வாசகர்

உங்கள் போர்டில் கடிகாரத்துக்கு பேட்டரி இல்லை. இணையம் கிடைத்தால்தான் அதற்கு இன்று என்ன தேதி என்று தெரியும். பாதையில் தேதி தப்பாவது பெரிய விஷயமில்லை, ஆனால் ஓதம் கணிக்கிற பகுதியும் இதே கடிகாரத்தைத்தான் நம்புகிறது. தப்பான நாளின் ஏற்றவற்றத்தைக் காட்டினால் முகத்துவாரத்தில் தரை தட்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நேரத்தையும் சேர்த்தே அனுப்புகின்றன. ஜிபிஎஸ்டி, குரோனி என்ற இரண்டு லினக்ஸ் மென்பொருள்களையும் நிறுவி, ஜிபிஎஸ்ஸிலிருந்து நேரம் எடுக்கச் சொல்லிவிடுங்கள். வானம் தெரிந்த கொஞ்ச நேரத்தில் கடிகாரம் சரியாகிவிடும்.

மென்பொருள் இலவசம் சரி. இந்தியக் கடல் வரைபடம் எங்கே இலவசமாகக் கிடைக்கும்?
– புதுச்சேரி வாசகர்

இலவசமாகக் கிடைக்காது. அமெரிக்காவின் நோவா அமைப்பு தன் கடலுக்கான மின்னணு வரைபடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. நம் நாட்டு வரைபடங்களைத் தயாரிப்பது டெஹ்ராடூனில் உள்ள தேசிய ஹைட்ரோகிராஃபிக் அலுவலகம், அவை விலைக்குத்தான். வரி கட்டுகிற நாட்டு மீனவனுக்குத் தன் கடலின் வரைபடம் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, அதைக் கேட்கிற இடத்தில் எல்லாம் சொல்லி வருகிறேன்.

சிஎம்93 என்று ஒரு பழைய வரைபடத் தொகுப்பை யாராவது பென் டிரைவில் போட்டுத் தருவார்கள். உரிமமும் கிடையாது, திருத்தமும் கிடையாது. புயலுக்குப் புயல் மணல்திட்டு நகர்கிற கரையில் அதைப் பார்த்துப் படகு ஓட்டாதீர்கள். ஓ–சார்ட்ஸ் என்ற நிறுவனம் ஓப்பன்சிபிஎன்னுக்கென்றே உரிமம் பெற்ற வரைபடங்களை விற்கிறது. உங்கள் பகுதிக்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். வாங்கினால் யூஎஸ்பி டாங்கிள் உரிமமாக வாங்குங்கள். கணினியோடு பிணைத்த உரிமம் என்றால், போர்டு உப்புக்காற்றில் செத்த அன்றைக்கு வரைபடமும் கையை விட்டுப் போகும். டாங்கிள் என்றால் கழற்றி அடுத்த கணினியில் செருகிக்கொள்ளலாம்.